கேளுங்கள், சொல்கிறேன்: மதுரையில் யார் யார்?

மதுரையின் மக்கள்தொகை 10 லட்சம் என்கிறது ஒரு புத்தகம். 14 லட்சம் என்கிறது இன்னொன்று. எதை நம்புவது, அம்மா?
(போட்டித் தேர்வுக்குப் படிக்கும் வாசகர், திண்டுக்கல்)

இரண்டுமே 2011 கணக்கெடுப்பில் உள்ளவைதான், தம்பி. மாநகராட்சி எல்லைக்குள் 10,17,865 பேர். சுற்றிலும் ஒட்டி வளர்ந்த ஊர்களையும் சேர்த்தால் 14,65,625. அந்த ஆண்டிலேயே திருப்பரங்குன்றம், அவனியாபுரம், ஆனையூர் எல்லாம் மாநகராட்சிக்குள் வந்து, 72 வார்டுகள் 100 ஆகிவிட்டன. 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் பழைய எண்ணையே எல்லோரும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

குஜராத்திலிருந்து வந்த நெசவாளர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்களா?
(வாசகி, நாகர்கோவில்)

இதை எழுதுகிறவளே அவர்களில் ஒருத்திதான். சௌராஷ்டிரர்கள் நாங்கள். பட்டு நெய்வதற்காகத் திருமலை நாயக்கர் காலத்தில், 17-ஆம் நூற்றாண்டில், மதுரைக்கு அழைத்து வரப்பட்டோம் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். மகாலைச் சுற்றியுள்ள தெருக்களில் நின்று காது கொடுத்தால் எங்கள் மொழி கேட்கும். வாசலில் தமிழ், அடுப்படியில் சௌராஷ்டிரம்; அப்படித்தான் வளர்ந்தோம். அந்த மொழியில் உருகி உருகிப் பாடிய நடனகோபால நாயகி சுவாமிகள் மதுரைக்காரர். தமிழில் பாடித் தமிழர் வீடுகளையெல்லாம் நிறைத்த டி.எம்.சௌந்தரராஜனும் எங்கள் தெருப் பிள்ளை.

சுங்குடிச் சேலையைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. துணியை விரல் நுனியால் கிள்ளி, நூலைச் சுற்றி, முடிச்சுப் போட வேண்டும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. சாயத்தில் முக்கிக் காயவைத்துப் பிரித்தால், ஒவ்வொரு முடிச்சும் ஒரு வெள்ளைப் புள்ளி. என் அம்மா மத்தியான வேளையில் திண்ணையில் உட்கார்ந்து போடுவார், பார்க்காமலே போடுவார். 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் கடையில் இன்று தொங்குவதில் பெரும்பாலானவை மெழுகு அச்சும் ஸ்கிரீன் பிரிண்டும்தான். முடிச்சுச் சேலை வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். புள்ளிகளின் வடிவம் ஒன்றுபோல் இல்லாவிட்டால் அது கையால் போட்டது.

மதுரையில் பழைய முஸ்லிம் குடியிருப்பு எது?
(வாசகர், மேலப்பாளையம்)

காஜிமார் தெரு, பெரியார் பேருந்து நிலையத்துக்கு நடக்கிற தூரம். அங்குள்ள பெரிய பள்ளிவாசல் பாண்டியர் காலத்தது என்பார்கள். அதை நிறுவிய காஜி தாஜுத்தீன் வழியினர் இன்றும் அந்தத் தெருவில் வாழ்கிறார்கள். மீனாட்சி கோயிலிலிருந்தும் நடந்தே போய்விடலாம்.

நானும் சௌராஷ்டிரன்தான், அக்கா. வீட்டில் பேரப்பிள்ளைகள் தமிழ்தான் பேசுகிறார்கள். கணக்கெடுப்புக்கு வந்தால் தாய்மொழி தமிழ் என்று சொல்லிவிடலாமா?
(வாசகர், பரமக்குடி)

தயவுசெய்து வேண்டாம், தம்பி. 2001-ல் நாடு முழுக்க சௌராஷ்டிரம் தாய்மொழி என்று பதிவானவர்கள் 1,85,420. 2011-ல் 2,47,702. பத்தே ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. அதே காலத்தில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை கூடியது 15.6 சதவீதம்தான். ஆகவே இது பிள்ளைப்பேற்றால் மட்டும் வந்த கூடுதலாக இருக்க முடியாது. முன்பு வேறு பதில் சொன்ன வீடுகள் இந்த முறை உள்ளதைச் சொல்லியிருக்கின்றன என்றே நினைக்கிறேன். பள்ளிப் பாடமும் அரசு வேலையும் இல்லாத மொழிக்கு இந்தப் பட்டியல் ஒன்றுதான் ஆதாரம். நாளைக்கு ஓர் அகராதிக்கோ ஆய்வுக்கோ உதவி கேட்டுப் போனால் முதலில் கேட்பது, 'எத்தனை பேர் பேசுகிறீர்கள்?'

கணக்கெடுப்பு விதிமுறையும் நம் பக்கம்தான். சிறுவயதில் உங்கள் அம்மா உங்களிடம் எந்த மொழியில் பேசினாரோ அதுதான் தாய்மொழி. வருகிறவர் நீங்கள் சொல்வதைத்தான் எழுத வேண்டும்; பெயரையோ சாதியையோ பார்த்து அவராக நிரப்பக் கூடாது. 2027 பிப்ரவரியில் கணக்கெடுப்பு என்று அறிவித்திருக்கிறார்கள். அன்றைக்கு வீட்டில் மருமகள் மட்டும் இருந்தால் அவர் என்ன சொல்வார் என்று இப்போதே பேசி வையுங்கள். தமிழை விட்டுவிடுகிறோமே என்ற உறுத்தலும் வேண்டாம். சென்ற முறை தாய்மொழியை அடுத்து, தெரிந்த மொழிகள் இரண்டைக் கேட்டார்கள். அங்கே தமிழை முதலில் சொல்லுங்கள்.