விரலுக்கு வயசாகவில்லை, ப்ளூடூத்தைக் கழற்றுங்கள்

கேள்வி: எனக்கு 51 வயது. ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. சின்ன வயதில் முறையாகப் பாட்டு கற்றேன், பிறகு விட்டுப்போனது. ஆனால் மனதில் மெட்டு வருவது மட்டும் நிற்கவே இல்லை. தோன்றும்போதெல்லாம் போனில் முணுமுணுத்துப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். போன மாதம் மகனின் லேப்டாப்பில் ஒரு ம்யூசிக் சாஃப்ட்வேர் போட்டு, தானாக ஒலிக்காமல் கம்ப்யூட்டரை ஒலிக்க வைக்கும் சின்ன மிடி கீபோர்டு ஒன்றையும் இணைத்தேன். கட்டையை அழுத்தினால் சத்தம் தாமதமாக வருகிறது, தாளத்தில் நிற்கவே முடியவில்லை. வயசானதால் விரல் பின்தங்குகிறதோ என்று பயமாக இருக்கிறது. மகனுக்குக் கேட்கும் சில மெல்லிய ஒலிகளும் எனக்குக் கேட்பதில்லை. 19 வயதுப் பிள்ளைகள் படுக்கையறையில் உட்கார்ந்தே பாட்டுப் போட்டு ஊரையே கேட்க வைக்கிறார்கள். என் கணவரோ, "இளையராஜா 81 வயதில் சிம்பொனி செய்யவில்லையா?" என்கிறார். சேமிப்பை எடுத்து ஓராண்டு டிப்ளமோவில் சேரட்டுமா, இல்லை இந்த ஆசையை மூட்டை கட்டி வைத்துவிடட்டுமா? பாட்டை எந்தப் பெயரில் வெளியிடுவது என்றுகூட யோசித்துவிட்டேன், சிரிக்காதீர்கள்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சிரிக்கவில்லை, அந்தப் பெயர் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்தத் தாமதத்தை ஒழித்துவிடுவோம், ஏனென்றால் உங்கள் பயத்தில் பாதி அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

எந்த ஹெட்ஃபோன் என்று நீங்கள் எழுதவில்லை. ப்ளூடூத் ஹெட்ஃபோனாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். அதில் ஒலி காதுக்கு வந்து சேரப் பத்தில் ஒரு நொடி, பல சமயம் ஐந்தில் ஒரு நொடிகூட ஆகிவிடும். பாட்டுக் கேட்கும்போது இது தெரியவே தெரியாது, வாசிக்கும்போதுதான் கழுத்தைப் பிடிக்கும். டெம்போ 120, அதாவது நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் அரை நொடிதான் இருக்கிறது, அதை நாலாகப் பிரித்தால் ஒரு கால் அடிக்கு எட்டில் ஒரு நொடி. ஹெட்ஃபோன் அதையே விழுங்கிவிட்டால் உலகத்தில் எந்த விரலும் தாளத்தில் நிற்காது, 19 வயது விரலும் சேர்த்துத்தான். வயர் உள்ள ஹெட்ஃபோனைச் செருகுங்கள். அப்புறம் சாஃப்ட்வேரின் ஆடியோ செட்டிங்கில் பஃபர் சைஸ் என்று ஒன்று இருக்கும், கம்ப்யூட்டர் ஒலியை வெளியே விடும் முன் எவ்வளவு சேர்த்து வைக்கிறது என்பதன் அளவு. அது 1024 என்று இருந்தால், நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலித் துணுக்குகள்) என்ற கணக்கில், கிட்டத்தட்ட 23 மில்லி நொடி தாமதம். 128 ஆக்கினால் 3 மில்லி நொடிக்கு வந்துவிடும். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு இந்த வகுத்தலை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் வேறு இடங்களிலும் கொஞ்சம் தாமதம் சேர்க்கும், ஆனாலும் வித்தியாசம் விரலில் தெரியும். விண்டோஸ் லேப்டாப்பாக இருந்தால் ஒலித் தாமதத்தைக் குறைக்கும் ஏஎஸ்ஐஓ டிரைவர் இருக்கிறதா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள், அது இல்லாமல் பஃபரைக் குறைத்துப் பெரிய பயன் இருக்காது. பாட்டில் டிராக்குகள் (வாத்தியத்துக்கு ஒன்றான தனித்தனி ஒலி வரிசைகள்) சேர்ந்து லேப்டாப் திணற ஆரம்பித்து, சத்தம் படபடவென்று உடைந்தால், வாசிப்பதை முடித்துவிட்டு, அவற்றைச் சமன்படுத்தி ஒன்றாகக் கலக்கும் மிக்ஸிங் சமயத்தில் மறுபடி 1024 வைத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் செய்த பிறகும் தாளம் கொஞ்சம் தள்ளிப்போனால் குவான்டைஸ் இருக்கிறது. தவறி விழுந்த சுரத்தை அதன் கட்டத்துக்கு இழுத்துவிடும். முழுசாக இழுத்தால் மரக்கட்டை மாதிரி ஆகிவிடும், பாதி இழுத்தால் போதும்.

சரி, வயது. உங்கள் கணவர் நல்ல மனதோடு சொல்கிறார், ஆனால் உதாரணம் உங்களுக்குப் பொருந்தாது. இளையராஜா 2025 மார்ச்சில் லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றியபோது வயது 81, உண்மை. ஆனால் அதற்கு முன்னால் ஏறக்குறைய ஐம்பது வருடம் தினமும் அதே வேலையைச் செய்தவர். வயதான மேதையைப் பார்த்து வயதான ஆரம்பநிலை மாணவி என்ன தெரிந்துகொள்ள முடியும்? உங்களுக்கு வேண்டியது தாமதமாகக் கற்றுக்கொண்ட ஒருவர். அப்படிப் பார்த்தால் ஆஸ்திரியாவின் அன்டன் ப்ரூக்னரைச் சொல்வேன். 1824இல் பிறந்தவர், பள்ளி ஆசிரியராக இருந்தவர், பிறகு தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். 30 வயதைத் தாண்டியபின், வியன்னாவில் இருந்த ஒரு ஆசிரியரிடம் பெரும்பாலும் தபால் வழியாகவே, பல மெட்டுகளை ஒரே நேரத்தில் இசைவாகப் பின்னும் எதிர்ப்பண் இலக்கணம் படித்தார், 1861 வரை. அது முடிந்ததும் வாத்தியங்களுக்கு எழுதுவது எப்படி என்று இன்னொருவரிடம் பாடம் கேட்கப் போனார், அந்த ஆசிரியர் இவரைவிடப் பத்து வயது சின்னவர். முதல் சிம்பொனி அரங்கேறியபோது ப்ரூக்னருக்கு 43. நாடு தாண்டிப் பெயர் கிடைத்தது ஏழாவது சிம்பொனிக்கு, 1884 கடைசியில், அப்போது 60. தபாலில் பாடம், தன்னைவிட இளைய ஆசிரியர். யூட்யூபில் 22 வயதுப் பையனிடம், சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும் கம்ப்ரசர் என்றால் என்ன என்று கற்றுக்கொள்ள உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் இவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கிறது என்று உங்களுக்குப் பொய் சொல்லவும் மாட்டேன். பெரிய இசையமைப்பாளரிடம், கம்ப்யூட்டரில் இசையை அமைத்துக்கொடுக்கும் புரோகிராமராகச் சேர்ந்து, ராத்திரி மூன்று மணிவரை ஸ்டுடியோவில் கிடந்து, சொற்ப சம்பளத்தில் பத்து வருடம் கற்று மேலே வருகிற பாதை ஒன்று உண்டு. வேலையும் குடும்பமும் உள்ள 51 வயதுக்காரருக்கு அந்தப் பாதை அநேகமாக அடைபட்டதுதான். பதின்பருவ ரசிகர்கள் முகத்தைப் பார்த்துக் கொண்டாடும் பாப் நட்சத்திரம் ஆவதும் அப்படியே. ஸ்ட்ரீமிங்கில் வரும் பணம், ஒரு தடவை கேட்டால் காசின் சின்னத் துணுக்கு. அதை நம்பி வேலையை விட வேண்டாம். இவற்றைக் கழித்துவிட்டுப் பாருங்கள், மிச்சம் நிறைய இருக்கிறது: நீங்களே எழுதி நீங்களே உருவாக்கும் பாடல்கள், குறும்படத்துக்கும் நாடகத்துக்கும் நடனத்துக்கும் பின்னணி இசை, பாட்காஸ்டுக்கு முகப்பு இசை. இங்கெல்லாம் ஃபைலைத்தான் அனுப்புகிறோம், பிறந்த தேதியை யாரும் கேட்பதில்லை.

அந்த 19 வயதுப் பிள்ளைகளிடம் இருக்கிற, உங்களிடம் இல்லாத விஷயம் என்ன? வேகமான விரல் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். என் கணிப்பு வேறு. அவர்களுக்கு மட்டமாகச் செய்ய வெட்கம் இல்லை. முப்பது குப்பைப் பாட்டு போட்டுவிட்டு முப்பத்தொன்றாவதை ஆரம்பிப்பார்கள். நீங்கள் உங்கள் வேலையில் பல வருடத் தேர்ச்சி உள்ளவர், உங்களிடம் சந்தேகம் கேட்க ஆட்கள் வருவார்கள், அப்படிப்பட்டவருக்குத் திடீரென்று தன் கையாலேயே ஒரு மோசமான டிரம்ஸ் டிராக் உருவாகி அதைத் தன் காதாலேயே கேட்க வேண்டியிருந்தால் தாங்காது. அதுவும் உங்கள் காது சும்மா காது இல்லை, சுருதி விலகினால் கண்டுபிடிக்கப் பழகிய காது. கை ஒன்றாம் வகுப்பு, காது காலேஜ். நடுவயதில் ஆரம்பிக்கிறவர்கள் நிறைய பேர் நிறுத்துவது இந்த இடத்தில்தான், அதற்கு வயதின் மேல் பழி போட்டுவிடுவார்கள், அது சௌகரியம்.

இதைக் கடக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, சின்னதாக ஆரம்பித்து முடித்துவிடுவது. போனில் இருக்கும் அந்த முணுமுணுப்புகள்தான் உங்கள் சொத்து, பல பேருக்குச் சாஃப்ட்வேர் தெரியும், மெட்டு வராது. அதில் ஒன்றை எடுங்கள், மிகச் சிறந்ததை எடுக்க வேண்டாம், அது பிறகு. இரண்டாம் தரமான ஒன்றை எடுத்து, அந்த ஆடியோவையே ஒரு டிராக்கில் போட்டு, அதன் வேகத்துக்கு டெம்போவைத் தட்டிக் கண்டுபிடியுங்கள். மெட்டு ஒரு வாத்தியத்தில், கீழே பேஸ், ஒரு தாளம், பின்னால் நீண்டு ஒலிக்கும் ஒரு பேட். நான்கே டிராக். நீளம் இரண்டு நிமிடம். கேட்க எப்படி இருந்தாலும் ஒரு மாதத்துக்குள் முடித்து, ஃபைலாக ஏற்றுமதி செய்து, தேதி போட்டு வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

முடிப்பதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் லூப். இந்தச் சாஃப்ட்வேர்கள் எல்லாம் எட்டு பார்களை (தாளத்தின் எட்டுச் சுற்றுகளை) திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்கச் சுலபமாகச் செய்யப்பட்டவை. ஒரு ராத்திரியில் எட்டு பார் அழகாக வந்துவிடும், மறுநாள் அதற்கு இன்னொரு ஷேக்கர் ஒலி, அதற்கு அடுத்த நாள் ஸ்னேர் டிரம்மை மாற்றுவது, இப்படியே மூன்று மாதம் போய், கையில் பாட்டே இருக்காது, எட்டு பார் மட்டும் இருக்கும். இந்தக் குழியில் எல்லா வயதினரும் விழுகிறார்கள். பல்லவி, இடையிசை, சரணம் என்று கேட்டு வளர்ந்த உங்களுக்கு இதிலிருந்து ஏற இயல்பான படி இருக்கிறது. முதல் நாளிலேயே காலி டைம்லைனில் 'பல்லவி', 'இடையிசை', 'சரணம்', 'மறுபடி பல்லவி' என்று மார்க்கர் போட்டு வைத்துவிடுங்கள், உள்ளே ஒன்றுமே இல்லாவிட்டாலும். சரணத்தில் எதைச் சேர்ப்பது என்று தெரியவில்லை என்றால் எதையாவது எடுத்துவிடுங்கள். தாளத்தை எடுத்துவிட்டாலே அது வேறு பகுதி மாதிரிக் கேட்கும்.

இனி காது. வயதாக ஆக உயர் அலைவரிசைகள் முதலில் மங்கும், அது எல்லோருக்கும் நடப்பது, உங்கள் மகனுக்குக் கேட்டது அங்கே எங்கோ உள்ள ஒலியாக இருக்கலாம். இளம் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. ஆனால் பியானோவின் கடைசிக் கட்டையே 4,186 ஹெர்ட்ஸ்தான். மெட்டு, பேஸ், சொல் புரிவது, தாளத்தின் அடி, பாட்டைப் பாட்டாக்கும் எல்லாம் பெரும்பாலும் 8,000க்குக் கீழேயே முடிந்துவிடுகிறது. மேலே இருப்பது சிம்பலின் மினுமினுப்பு, குரலைச் சுற்றிய காற்று. நீங்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது ஒன்றுதான்: உங்களுக்குக் கேட்காததால், அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் அந்தப் பகுதியை ஏற்றிக்கொண்டே போவீர்கள், மற்றவர்களுக்குக் காதில் ஊசி குத்தும். அதனால் உங்களுக்குப் பிடித்த, நன்றாக மிக்ஸ் செய்த பாட்டு ஒன்றை ரெஃபரன்ஸாக அதே ப்ராஜெக்டில் போட்டு, உங்கள் பாட்டின் சத்த அளவுக்கு அதைக் குறைத்து, மாற்றி மாற்றிக் கேளுங்கள். கூடவே, எந்த அலைவரிசையில் எவ்வளவு ஒலி என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் என்ற பிளக்இன்னில் (கூடுதல் மென்பொருளில்) இரண்டின் வடிவத்தையும் கண்ணால் பாருங்கள். கடைசியில் மகனிடம் ஒரே கேள்வி, "கூசுகிறதா?" ஒரு பிள்ளை வீட்டில் இருப்பதற்கு இது ஒரு லாபம்.

இருக்கிற காதைக் காப்பாற்றுவது இதைவிட முக்கியம். 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வரை என்பது வேலையிடங்களுக்கு வைத்திருக்கும் ஒரு வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும், அதாவது 88க்கு நான்கு மணி, 91க்கு இரண்டு. ஹெட்ஃபோனில் உற்சாகத்தில் 91ஐத் தொடுவது ஒரு விஷயமே இல்லை. மெதுவாக வைத்து வேலை செய்யுங்கள். மெதுவாக வைத்தால் பேஸ் குறைந்தமாதிரித் தெரியும், அது காதின் இயல்பு, 1933லேயே ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் அளந்து சொன்னது. அதற்காக பேஸை ஏற்றாமல், நடுவில் சில விநாடிகள் மட்டும் சத்தத்தைக் கூட்டிச் சரிபார்த்துவிட்டு இறக்கிவிடுங்கள். காதில் இரைச்சல் தொடர்ந்து இருந்தாலோ, பேச்சே சரியாகப் புரியாமல் போனாலோ காது மருத்துவரிடம் போங்கள், இந்தப் பத்தி அதற்கு மாற்று ஆகாது.

டிப்ளமோ வேண்டாம். ஸ்டுடியோவிலோ ஒலிபரப்பிலோ சவுண்ட் இன்ஜினியராகச் சம்பள வேலை தேடுவது உங்கள் திட்டமாக இருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன், நீங்கள் அதைக் கேட்கவில்லை. பாட்டைக் கேட்கிறவர் சான்றிதழைக் கேட்பதில்லை. ஓராண்டுப் பாடத்திட்டத்தில் உங்களுக்குத் தேவையானது கால்வாசி, சுரமும் தாளமும் சொல்லித்தரும் பகுதியில் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். முதல் ஐந்து பாட்டுகளை முடியுங்கள், பிறகு அந்தச் சேமிப்பில் ஒரு துளியை எடுத்து, மிக்ஸிங் தெரிந்த ஒருவருக்கு மணிக்கணக்கில் பணம் கொடுத்து, உங்கள் ஃபைலைத் திறந்து வைத்து எங்கே தப்பு என்று காட்டச் சொல்லுங்கள். தன் பாட்டின் மேல் நடத்தப்படும் ஒரு மணி நேரப் பாடம் பொதுவான ஒரு மாத வகுப்பைவிட ஆழமாகப் பதியும்.

புதுக் கருவி எதையும் இப்போது வாங்க வேண்டாம், அந்தச் சின்ன கீபோர்டும் வயர் ஹெட்ஃபோனும் போதும். குரல் பதிவுக்கு வரும்போது மைக்கும், அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸும் பார்க்கலாம். சாஃப்ட்வேர் எது என்று இணையத்தில் நடக்கும் சண்டையைப் படிக்கவே படிக்காதீர்கள், ஆப்பிள் கருவி இருந்தால் கராஜ்பேண்ட் இலவசம், ரீப்பரை 60 நாள் முழு வசதியோடு பயன்படுத்திப் பார்க்கலாம், வாங்கிய கீபோர்டின் பெட்டிக்குள் ஏபிள்டன் லைவ் லைட் சாஃப்ட்வேருக்கான பதிவு எண் இருக்கிறதா என்றும் தேடுங்கள், பலவற்றில் இருக்கும். நீங்கள் போட்டிருப்பது எஃப்எல் ஸ்டுடியோவின் சோதனைப் பதிப்பு என்றால் மட்டும் ஒரு விஷயம் தெரிந்திருக்கட்டும்: சேமிக்க விடும், ஆனால் சேமித்ததை வாங்கும்வரை மறுபடி திறக்க விடாது.

கடைசியாகப் பெயர். புனைபெயரில் தாராளமாக வெளியிடலாம், அலுவலகத்தில் யாருக்கும் தெரியவேண்டிய அவசியம் இல்லை. பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களுக்குக் கொண்டுசேர்க்கும் டிஸ்ட்ரிப்யூட்டர் கணக்கிலும் உரிமைப் பதிவிலும் மட்டும் உங்கள் சட்டப்படியான பெயர் இருக்கட்டும். பெயரை முடிவு செய்யும் முன் அந்தத் தளங்களில் ஒருமுறை தேடிப் பாருங்கள். அதே பெயரில் இன்னொருவர் ஏற்கெனவே இருந்தால் உங்கள் பாட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ள வாய்ப்பிருக்கிறது, அதைப் பிரித்தெடுக்க மெயில் எழுதியே அலுத்துப் போகும்.