பருத்தியிலிருந்து கொட்டை நீக்கும் பொறியை உருவாக்கிய ஈலி விட்னிக்குக் குடும்பம் இருந்ததா?

இருந்தது, ஆனால் மிகத் தாமதமாகவே அமைந்தது. 1765-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வெஸ்ட்பரோவில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதிலேயே தாயை இழந்த விட்னி, 1793-இல் ஜார்ஜியாவில் கேத்தரின் கிரீனின் பண்ணையில் தங்கியிருந்தபோது, உருளையில் பதித்த கம்பிக் கொக்கிகள் பஞ்சை மட்டும் குறுகிய இடுக்குகளின் வழியே இழுக்க, கொட்டைகள் பின்தங்கிவிடும் பொறியை அமைத்தார். வேலையை எளிதாக்கிய அதே பொறி அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமை முறையைப் பெருக்கியது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். காப்புரிமை வழக்குகளிலும் துப்பாக்கித் தொழிற்சாலையிலும் ஆண்டுகள் கரைந்தபின், 1817-இல், தம் 51ஆம் வயதில் ஹென்ரியெட்டா எட்வர்ட்ஸை மணந்தார். நான்கு குழந்தைகள் பிறந்தனர். எட்டே ஆண்டுகளில், 1825 ஜனவரியில், விட்னி காலமானபோது மகன் ஈலி நான்கு வயதுச் சிறுவன். ஆகவே முதலில் விட்னியின் சகோதரியின் மகன்கள் தொழிற்சாலையை நடத்தினர், 1842-இல் மகன் ஈலியே பொறுப்பேற்றார்.