அண்ணாச்சி பதில்கள்: ப்ளஸ் ஒன் பிள்ளை இருக்கிற வீடுகளுக்கு

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ப்ளஸ் ஒன் பிள்ளைகளைப் பற்றித்தான். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். முருங்கையில் கம்பளிப்பூச்சி என்று எழுதிய மானூர்க்காரர் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அண்ணாச்சி, ப்ளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கிடையாது என்று ஆகிவிட்டது. என் மகன் படிக்கும் தனியார் பள்ளியில் இப்போதே ப்ளஸ் டூ பாடத்தைத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு வருஷம் ஒரே பாடத்தைப் படித்தால் மார்க் கூடத்தானே செய்யும்? நல்லதுதானே?
– ஒரு அப்பா, வள்ளியூர்

மார்க் கூடலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ப்ளஸ் ஒன்னுக்கு 2017-18இல் பொதுத்தேர்வு வந்ததே இந்தப் பழக்கத்தால்தான். பல பள்ளிகள் ப்ளஸ் ஒன் புத்தகத்தைப் பிரித்தே பார்க்காமல் இரண்டு வருஷமும் ப்ளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தார்கள், பிள்ளைகள் கல்லூரிக்குப் போனதும் முதல் வருஷக் கணக்கில் திணறினார்கள், சரி, இதற்கும் ஒரு தேர்வு வைப்போம் என்று வைத்தார்கள். பிள்ளைகளுக்குச் சுமை என்று 2025-26 கல்வியாண்டிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். எடுத்ததும் சில பள்ளிகள் பழைய பாதைக்கே திரும்பிவிட்டன.

உங்கள் மகனின் கணக்குப் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். வகையீடும் தொகையீடும் என்ன என்று சொல்லிக்கொடுப்பது ப்ளஸ் ஒன்னில். ப்ளஸ் டூவில் இருப்பது அவற்றின் பயன்பாடுகளும் வகைக்கெழுச் சமன்பாடுகளும். முதலாவது தெரியாதவனுக்கு இரண்டாவது எப்படிப் புரியும்? மனப்பாடம்தான் செய்வான். கரிம வேதியியலும் அப்படித்தான், அடிப்படை முழுக்க ப்ளஸ் ஒன்னில் இருக்கிறது. நீட், ஜே.இ.இ. எழுதுகிற எண்ணம் இருந்தால் கேட்கவே வேண்டாம், கேள்விகளில் கிட்டத்தட்டப் பாதி ப்ளஸ் ஒன் பாடத்திலிருந்து வரும்.

நீட் மாதிரித் தேர்வு இல்லாத படிப்புகளில் கல்லூரிச் சேர்க்கைக்கு ப்ளஸ் டூ மார்க் மட்டும்தான் என்பது உண்மை. அதைச் சொல்லித்தான் பள்ளிக்காரர்கள் உங்கள் வாயை அடைப்பார்கள். தனியாகப் போய்ச் சண்டை போடாதீர்கள், பையனைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். நாலைந்து பெற்றோர் சேர்ந்து போய், ப்ளஸ் ஒன் பாடம் எந்த மாதத்தில் எவ்வளவு முடியும் என்று மட்டும் கேளுங்கள். பதில் வராவிட்டால் வீட்டில் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, கணக்குக்கு மட்டும் ஒரு நல்ல ட்யூஷன் பாருங்கள்.

நான் பாளையங்கோட்டையில் அரசு உதவிபெறும் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ் மீடியத்தில் படிக்கிறேன். எங்களுக்கும் சம்பளம் அரசாங்கம்தான் கொடுக்கிறது என்று சார் சொன்னார். அப்படியானால் 7.5 சதவீத ஒதுக்கீடு எனக்கும் உண்டா?
– ப்ளஸ் ஒன் மாணவி, பாளையங்கோட்டை

கிடையாது பாப்பா. பாளையங்கோட்டை முழுக்க நூறு வருஷம் தாண்டிய உதவிபெறும் பள்ளிகள் என்பதால் இந்தக் குழப்பம் நம் பக்கத்தில்தான் அதிகம். சம்பளம் வாங்குவது ஆசிரியர்கள். பள்ளி அரசுப் பள்ளி ஆகிவிடாது. 7.5 சதவீதம் என்பது மருத்துவம், பொறியியல் மாதிரியான படிப்புகளில், ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு ஒதுக்குகிற இடங்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆனால் கல்லூரியில் படிக்கும்போது மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப்பெண் திட்டத்தில் உனக்கு இடம் உண்டு. 2022இல் தொடங்கியபோது அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும் என்றிருந்தது. அப்புறம் உதவிபெறும் பள்ளியில் தமிழ் மீடியம் படித்தவர்களுக்கும் நீட்டித்தார்கள், 2024 டிசம்பரில் தூத்துக்குடியில் வைத்துத்தான் அதைத் தொடங்கினார்கள். உன் வகுப்பில் பையன்கள் இருந்தால் சொல், அவர்களுக்கு இதேபோலத் தமிழ்ப் புதல்வன் திட்டம். எந்த மீடியத்தில் படித்தாய் என்று பள்ளிப் பதிவில் சரியாக இருக்கிறதா என்று இப்போதே ஆபீஸில் பார்த்துக்கொள், அங்கே மாறியிருந்தால் கல்லூரிக்குப் போனபிறகு அலைய வேண்டியிருக்கும்.

நான் பீடி சுற்றுகிறேன். வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் வேலை. மகள் ஆறிலிருந்தே அரசுப் பள்ளி, இப்போது ப்ளஸ் ஒன் கம்ப்யூட்டர் குரூப். இன்ஜினியரிங்தான் படிப்பேன் என்கிறாள். செலவை நினைத்தால் தூக்கம் வரவில்லை. என் தம்பி பி.காம். முடித்திருக்கிறான், அதனால் முதல் பட்டதாரி சலுகையும் கிடைக்காது என்கிறார்கள். என்ன செய்ய அண்ணாச்சி?
– ஒரு அம்மா, முக்கூடல்

முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள் தாயி. உங்கள் மகளுக்கு இருக்கிற வசதி, நான் மேலே பதில் சொன்ன பிள்ளைக்கு இல்லை.

பொறியியல் கலந்தாய்வில் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசாங்கமே கட்டுகிறது. 2021இலிருந்து இது நடக்கிறது. பெரிய தனியார் கல்லூரி கிடைத்தாலும் இதே விதிதான். ஒரே நிபந்தனை, கலந்தாய்வு வழியாகப் போக வேண்டும். மார்க் நன்றாக இருக்கிறதே என்று யாராவது மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்த்துவிட்டால் இந்தச் சலுகை போய்விடும், முதல் பட்டதாரி சலுகையும் போய்விடும்.

அந்த முதல் பட்டதாரி விஷயத்தில் உங்களுக்குச் சொன்னவர்கள் தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப் பிறந்தவர்கள், இவர்களில் யாரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது. தாய்மாமன் கணக்கில் வரமாட்டார். சீர் செய்ய மட்டும் மாமன், சான்றிதழைக் கெடுக்க மாமன் இல்லை! 7.5 ஒதுக்கீட்டில் இடம் கிடைக்காமல் பொதுவில் கிடைத்தால் உதவும், எனவே அந்தச் சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வைத்துவிடுங்கள்.

அப்புறம், பீடித் தொழிலாளர் அடையாள அட்டை உங்கள் பெயரில் இருக்கிறதா? இருந்தால், பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் அமைச்சகம் தருகிற கல்வி உதவித்தொகை ஒன்று உண்டு. வகுப்பைப் பொறுத்து வருஷத்துக்கு 1,000 ரூபாயிலிருந்து 25,000 வரை, தொழிற்கல்விக்குத்தான் அதிகம். தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ப்ளஸ் ஒன் படிக்கும்போதே வாங்கலாம் என்பது பல வீடுகளுக்குத் தெரிவதில்லை. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கமெல்லாம் தட்டும் கையுமாக இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், எத்தனை பேருடைய பிள்ளைகள் இதை வாங்குகிறார்கள் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. பீடிக் கடையில் உங்கள் பெயரில் கணக்கு இல்லாமல் வேறு யாருடைய பாஸ் புத்தகத்திலாவது சுற்றிப் போட்டுக்கொண்டிருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள், அட்டை இல்லாமல் எதுவும் நடக்காது.

கலந்தாய்வில் யாருக்கு முதலில் இடம் என்று முடிவுசெய்கிற கட்-ஆஃப் மார்க்கை மகளிடம் இப்படிச் சொல்லுங்கள். மொத்தம் 200. கணக்கு மார்க் அப்படியே 100க்கு, இயற்பியலும் வேதியியலும் பாதி பாதியாக. கணக்கில் 90, இயற்பியலில் 80, வேதியியலில் 84 வாங்கினால் 90, 40, 42, ஆக 172. கணக்கில் ஒரு மார்க் போனால் ஒன்றே போகிறது, மற்ற இரண்டில் அரைதான் போகும். தமிழும் ஆங்கிலமும் கம்ப்யூட்டர் சயின்ஸும் இந்தக் கூட்டலில் இல்லை, அதற்காக விட்டுவிடக் கூடாது, பாஸாக வேண்டுமே.

வருமானச் சான்றிதழை மட்டும் இப்போது வாங்கிக் கலந்தாய்வுக்கென்று பத்திரப்படுத்தாதீர்கள். ஒரு வருஷம்தான் செல்லும். ப்ளஸ் டூ தேர்வு முடிந்த ஏப்ரலில் வாங்கினால் சரியாக இருக்கும். சாதிச் சான்றிதழ் நிரந்தரம், அதில் பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இருப்பதுபோல இருக்கிறதா என்று பாருங்கள். ஆதாரில் வேறு மாதிரி இருந்தால் ஆதாரைத் திருத்துவது சுலபம். மார்க் ஷீட்டைத் திருத்தப் போனால் மாதக்கணக்கில் இழுக்கும். இந்த வேலைக்கெல்லாம் ப்ளஸ் ஒன் வருஷம்தான் தோது. ஜூன் மாதம் இ-சேவை மையத்தில் வரிசையைப் பார்த்திருக்கிறீர்கள்தானே.

டாக்டர் இல்லாவிட்டால் வேறு எதுவும் வேண்டாம் என்று மகள் அடம்பிடிக்கிறாள். ப்யூர் சயின்ஸ் குரூப். நீட் கோச்சிங்குக்கு லட்சக்கணக்கில் கேட்கிறார்கள்.
– ஒரு அம்மா, அம்பாசமுத்திரம்

நீட் எழுதட்டும், தடுக்காதீர்கள். ஆனால் நீட் இல்லாமல் ப்ளஸ் டூ மார்க்கை வைத்தே போகக்கூடிய இடங்கள் உங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்புகிற தூரத்தில் இருக்கின்றன. ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி, வல்லநாடு கிள்ளிகுளத்தில் வ.உ.சி. பெயரில் வேளாண் கல்லூரி, தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி. மாட்டு டாக்டரும் டாக்டர்தான். அந்தப் படிப்பில் மாநில இடங்களுக்கு உயிரியல், இயற்பியல், வேதியியல் மார்க்தான் கணக்கு. பி.எஸ்சி. நர்சிங்குக்கும் ப்ளஸ் டூ மார்க்தான். பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரிக்கு மட்டும் நீட் வேண்டும், அங்கே நீட் இல்லை என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. கணக்கு எடுக்காததால் பொறியியல் பக்கம் பெரும்பாலும் அடைபட்டது என்பதையும் மகளுக்கு இப்போதே தெரியப்படுத்துங்கள்.

கோச்சிங் பற்றி: கடன் வாங்கிச் சேர்க்க வேண்டாம். ப்ளஸ் ஒன் புத்தகம் நான்கையும் வரிவரியாகப் படித்து முடிக்காத பிள்ளைக்குக் கோச்சிங்கில் கொடுக்கிற மெட்டீரியல் தலையணைக்குத்தான் ஆகும்.

பம்பாயில் மளிகைக் கடை வைத்திருந்தோம். மகன் ஒன்பது வரை அங்கே, பத்திலிருந்து இங்கே. கலந்தாய்வில் சிக்கல் வருமா?
– ஒரு அப்பா, திசையன்விளை

வராது, ஒரு காகிதம் கூடுதலாக வேண்டும். எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்கு இருப்பிடச் சான்று கேட்பதில்லை, இடையில் வெளிமாநிலத்தில் படித்தவர்களிடம் கேட்பார்கள். ஊரில் வீடு, ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை இருக்கும் அல்லவா, அவற்றை வைத்துத் தாலுகா ஆபீஸில் வாங்கிவிடுங்கள்.

ஒருவர் வீட்டுக்கே வந்து, கோயம்புத்தூரில் சீட் வாங்கித் தருகிறேன், மகனின் ஒரிஜினல் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டும் பத்தாயிரம் அட்வான்ஸும் கொடுங்கள் என்கிறார். ப்ளஸ் ஒன் பையனுக்கே இப்படிக் கேட்பார்களா?
– ஒரு அப்பா, களக்காடு

கேட்பார்கள், அவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள். கல்லூரிகளே அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்று யு.ஜி.சி.யும் ஏ.ஐ.சி.டி.இ.யும் சொல்லியிருக்கின்றன, இடைத்தரகருக்கு என்ன உரிமை? கடையில் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

சிறுபான்மை அல்லாத தனியார் பொறியியல் கல்லூரிகள் 65 சதவீத இடங்களையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீதத்தையும் கலந்தாய்வுக்குத் தருகின்றன. அவர் சொல்கிற அதே கல்லூரி அதே படிப்பு, அரசு நிர்ணயித்த கட்டணத்தில், கலந்தாய்வில் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. போன வருஷம் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்தக் கட்-ஆஃபில் முடிந்தது என்பது இணையத்தில் கிடக்கிறது, பையனையே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எனக்கு என்ன படிப்பது என்றே தெரியவில்லை. காமர்ஸ் குரூப். எல்லோரும் பி.காம். என்கிறார்கள்.
– ப்ளஸ் ஒன் மாணவன், பணகுடி

பி.காம். நல்ல படிப்புதான் தம்பி, ஆனால் எல்லோரும் சொல்வதால் எடுக்காதே. காமர்ஸ் படித்தவன் ஐந்து வருஷச் சட்டப் படிப்புக்குப் போகலாம், திருநெல்வேலியிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது, ப்ளஸ் டூ மார்க்கில்தான் இடம். ஆங்கில இலக்கியம், வரலாறு, பொருளாதாரம் எல்லாமே உனக்குத் திறந்திருக்கிறது. சி.ஏ. ஆசை இருந்தால் அதன் முதல்படித் தேர்வுக்கு இப்போதே தயாராகத் தொடங்கலாம்.

ஒரு வேலை செய். சனிக்கிழமை ஒரு நாள் பாளையங்கோட்டைக்கு வா. கல்லூரி விட்டு வருகிற மூன்றாம் வருஷ அண்ணன்களிடம் பஸ் ஸ்டாப்பில் நின்று பேசு. முதல் வருஷப் பசங்களிடம் கேட்காதே, அவர்களுக்கு எல்லாமே ஜாலியாகத்தான் இருக்கும். இரண்டு படிப்புகளின் பாடத்திட்டத்தை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத் தளத்திலிருந்து இறக்கிப் படி, தாள்களின் பெயரைப் படிக்கும்போதே எதற்குக் கொட்டாவி வருகிறது என்று தெரிந்துவிடும்.

ப்ளஸ் ஒன் லீவில் டைப்ரைட்டிங் போகலாமா, இல்லை அது பழைய காலமா?
– ப்ளஸ் ஒன் மாணவி, சேரன்மகாதேவி

போ. அரசுத் தொழில்நுட்பத் தேர்வு வருஷத்துக்கு இரண்டு தடவை நடக்கிறது. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் என்கிற மேல்நிலைத் தட்டச்சுத் தேர்வை முடித்தால் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4இல் தட்டச்சர் பணிக்கு நேராக உதவும். தமிழை முதலில் எடு, ஆங்கிலம் பின்னால் தானாக வரும்.