'ரேண்டம்' என்றால் ஒழுங்கே இல்லாதது என்றுதானே அர்த்தம்?

பேச்சில் ஏறக்குறைய அப்படித்தான். "ரேண்டமா ஒருத்தர் போன் பண்ணினார்" என்றால் சம்பந்தமில்லாமல், எதிர்பாராமல் என்று பொருள். புள்ளியியலில் விஷயமே வேறு: அடுத்து எது வரும் என்று சொல்ல முடியாது, ஆனால் மொத்தத்தில் எது எத்தனை முறை வரும் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இது 'சமவாய்ப்பு', இலங்கையில் 'எழுமாறு'. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். முதலாவது, எல்லாவற்றுக்கும் ஒரே வாய்ப்பு என்று நினைக்க வைத்துவிடுகிறது. ஒரு பக்கம் கனத்த தாயக்கட்டை விழுவதும் ரேண்டம்தானே!

சரி, ஓர் உதாரணம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் பறக்கும் குண்டுகள் லண்டனில் சில இடங்களிலேயே குவிந்து விழுவதாகப் பலர் நம்பினார்கள். ஆர்.டி. கிளார்க் என்ற பிரிட்டிஷ் காப்பீட்டுக் கணக்கியலாளர் தெற்கு லண்டனை 576 சம கட்டங்களாகப் பிரித்து எண்ணி, 1946இல் வெளியிட்டார். மொத்தம் 537 குண்டுகள். 229 கட்டங்களில் ஒன்றுகூட விழவில்லை. 35 கட்டங்களில் மூன்று மூன்று, 7 கட்டங்களில் நான்கு நான்கு. பார்த்தால் குறிவைத்து அடித்த மாதிரிதான் இருக்கும். ஆனால் குறியே இல்லாமல் விழுந்தால் எப்படி இருக்கும் என்று பாய்சான் சூத்திரத்தில் (தற்செயலாக நடப்பது எத்தனை முறை நடக்கும் என்று கணக்கிடும் சூத்திரம்) போட்டால் அதே வரிசையில் வரும் விடை: 227, 31, 7. அதாவது அந்தக் குவியலே ரேண்டமின் இயல்பு. சீராகப் பரவி விழுந்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

இயற்பியலில் இன்னும் ஒரு படி மேலே. கார்பன்-14 என்பது தானாகவே சிதையும் ஒரு வகைக் கார்பன்; அதில் ஓர் அணு எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு குவியலில் பாதி சிதைய சுமார் 5,730 ஆண்டுகள் ஆகும். அதை வைத்துத்தான் பழைய எலும்புக்கு வயது சொல்கிறார்கள்.