கொழுந்து எடுக்கும் அம்மாவுக்கு இடுப்பு வலி: குனிய வேண்டுமா, நிமிர வேண்டுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 46 வயது. தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். சில மாதமாக இடுப்பு வலி. காலையில் விறைத்துப் போகிறது. யாரோ சொன்னார்கள் என்று எழும்பியதும் குனிந்து கால்விரலைத் தொடுகிறார். இது சரியா?

பதில்: முதலில் அந்த விடியற்காலைக் குனிதலை நிறுத்தச் சொல்லுங்கள். இரவில் படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டுகள் நீரை இழுத்துச் சற்று உப்பிவிடும். எழும்பிய கையோடு முழுதாகக் குனிந்தால் அவற்றின் மேல் அழுத்தம் கூடும். ஒரு மணி நேரமாவது போகட்டும். தேத்தண்ணி குடித்து, லயத்து வாசலில் நாலு நடை நடந்தாலே விறைப்பு கொஞ்சம் இளகும்.

அதோடு, நாள் முழுக்க அவர் செய்வதே குனிதல்தானே! சரிவில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. செடிமேல் சாய்ந்து இரண்டு கையும் நீட்டியபடி. முதுகில் கூடை, கயிறு தலையில். அவருக்கு வேண்டியது எதிர்ப்பக்கம் வளைவது.

மலையிலேயே செய்யலாம். கூடையை இறக்கிவிட்டு, சமதரையில் காலைச் சற்று அகட்டி நின்று, உள்ளங்கைகளை இடுப்பின் பின்னால் ஊன்றி மெல்லப் பின்பக்கம் வளையட்டும். முழங்கால் மடங்கக் கூடாது. இரண்டு விநாடி நின்று நிமிர வேண்டும். ஐந்தாறு தடவை போதும். கொழுந்து நிறுக்கக் காத்து நிற்கும் நேரம் இதற்குத் தோது. கங்காணி பார்ப்பாரே என்று கூச்சப்பட வேண்டாம்.

மாலையில் வீட்டில் இரண்டு பயிற்சிகள். பாயை மடித்து அதன்மேல் ஒரு முழங்காலை ஊன்றி, மற்றக் காலை முன்னே மடக்கி வைக்க வேண்டும். பிட்டத்தை இறுக்கிக்கொண்டு இடுப்பை முன்னே தள்ளினால், ஊன்றிய காலின் தொடை மடிப்பில் இழுக்கும். இழுப்பு அங்கேதான் தெரிய வேண்டும். கீழ்முதுகு வலித்தால் அதிகம் தள்ளிவிட்டார். 20 முதல் 30 விநாடி, பக்கத்துக்கு மூன்று தடவை. அப்புறம் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பிட்டத்தைத் தூக்கி ஐந்து விநாடி பிடிக்கட்டும், பத்துத் தடவை. பிட்டத் தசைக்குப் பலம் வராமல் வெறுமனே இழுத்துவிடுவதில் பெரிய பயனில்லை என்பது என் கருத்து. பாய் விரிக்கும் இடம் இருந்தால் சரி, லயத்து அறையே தாராளம்.

எந்தப் பயிற்சியிலும் வலி காலுக்குள் இறங்கினால் உடனே நிறுத்த வேண்டும். காலில் இருந்த வலி இடுப்புக்கு ஏறினால் பயப்பட வேண்டாம், அது நல்ல அறிகுறி.

தைலம் தேய்ப்பது இதமாக இருந்தால் தேய்க்கட்டும். ஆனால் நாள்கணக்கில் படுத்துக் கிடப்பது வேண்டாம். வலியோடும் கொஞ்சம் நடப்பவர்தான் சீக்கிரம் தேறுவார். தூங்கும்போது ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படி ஆறு வாரம் செய்தும் குறையவில்லை என்றால் அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டி, இயன்மருத்துவ (பிசியோதெரபி) பிரிவுக்கு அனுப்பக் கேளுங்கள். காய்ச்சலும் சிறுநீர் எரிச்சலும் சேர்ந்தால் சிறுநீரகத் தொற்றாக இருக்கலாம், அன்றே காட்டுங்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, பிட்டமோ தொடை இடுக்கோ மரத்துப்போனாலோ, கால் துவண்டாலோ தோட்டத்து டிஸ்பென்சரியோடு நிற்காமல் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.