பயறு, தானியப் பயிர்களில் நூற்புழு: கேள்வி பதில்

உளுந்து வேரில் முண்டு முண்டாக இருக்கிறது. நல்ல முடிச்சா, நூற்புழுவா?

நகத்தால் தள்ளிப் பாருங்கள். நல்ல முடிச்சு என்பது தழைச்சத்தைச் சேர்த்துத் தரும் ரைசோபியம் பாக்டீரியாவின் முடிச்சு, வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். தள்ளினால் கழன்றுவிடும், நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. நூற்புழு என்பது மண்ணிலிருந்து வேரைத் தாக்கும் நுண்புழு. அதன் முடிச்சில் வேரே தடித்திருக்கும், வேரை அறுக்காமல் தனியே எடுக்க வராது. ஒரே செடியில் இரண்டும் இருப்பதுண்டு. செடியைப் பிடித்து இழுக்காதீர்கள். நல்ல முடிச்சும் சல்லிவேரும் மண்ணிலேயே தங்கி, நூற்புழு முடிச்சு மட்டும் கண்ணில் படும். மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள்.

ஒரு மாதத் துவரை. அங்கங்கே திட்டாகக் குட்டையாய், மஞ்சளாய் நிற்கிறது. முடிச்சே இல்லை. அப்போது நூற்புழு இல்லைதானே சார்?

அப்படிச் சொல்ல முடியாது. துவரையைத் தாக்கும் ஹெட்டிரோடெரா கஜானி என்ற நூற்புழு முடிச்சுப் போடாது. அலசிய வேரைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள்: குண்டூசித் தலையை விடச் சிறிய, எலுமிச்சை வடிவ வெள்ளை மணிகள் தெரிந்தால் அவை பெண் புழுக்கள். பார்க்கச் சரியான பருவம் இதுதான். பிறகு செத்துப் பழுப்பாகி உதிர்ந்துவிடும். கூடாக மாறும் அந்தச் செத்த உடலுக்குள் முட்டைகள் ஆண்டுக்கணக்கில் கெடாமல் கிடக்கும்.

கோதுமைக்குப் பின் கொண்டைக்கடலை போட்டும் நூற்புழு குறையவில்லையே?

எந்தப் புழு என்று தெரியாமல் செய்த பயிர் சுழற்சி. ஹெட்டிரோடெரா அவெனே என்றால் பலன் கிடைத்திருக்கும். அது தானியத்திலும் புல்லிலும்தான் பெருகும். பிராட்டிலெங்கஸ் தோர்னேய் என்ற இன்னொரு நூற்புழுவுக்கோ இரண்டு பயிருமே தீனி. வேரில் வீக்கம் இராது, பழுப்புக் கீறல்கள்தான் இருக்கும்.

அண்ணா, மண் பரிசோதனைக்கு எப்படி எடுப்பது?

உர ஆய்வுக்கு எடுப்பது போலக் காயவைத்தால் வேலை கெட்டது. புழு உயிரோடு போய்ச் சேர வேண்டும். ஈரப்பதம் இருக்கும்போது, வேரை ஒட்டி 15–20 செ.மீ. ஆழத்தில், 10–15 இடங்களில் எடுத்துக் கலந்து, அரைக் கிலோ மண்ணும் ஒரு கைப்பிடி சல்லிவேரும் பாலித்தீன் பையில் கட்டி நிழலில் வையுங்கள். செத்த செடியடியில் எடுக்காதீர்கள். தீனி தீர்ந்த இடத்தில் புழு குறைந்திருக்கும். திட்டின் ஓரத்தில் நலிந்து நிற்பதே சரியான செடி. நன்றாக விளைந்த பக்கத்திலும் தனியாக ஒன்று எடுங்கள், ஒப்பிட உதவும்.

நெல் நாற்றில் வேர்நுனி கொக்கி மாதிரி வளைந்து வீங்கியிருக்கிறது. தண்ணீர் கட்டினால் போகுமா?

இது நெல்லின் வேர்முடிச்சு நூற்புழு, மெலாய்டோகைனே கிராமினிகோலா. தண்ணீர் நிற்கும்வரை புதிதாய் வேருக்குள் நுழையாது. ஏற்கெனவே உள்ளே இருப்பது சாகாது, முட்டையையும் வேருக்குள்ளேயே இடும். வடித்ததும் மறுபடி கிளம்பும். வீங்கிய நாற்றை நடாதீர்கள். கோரையும் புல்லும் அதற்குப் புகலிடம், களையுங்கள்.

நிற்கிற பயிருக்கு வேப்பம் பிண்ணாக்கு போடலாமா?

வேருக்குள் போய்விட்ட புழுவை அது எட்டாது. விதைக்குமுன், ஈரமண்ணில், ஹெக்டேருக்கு 250 கிலோ. நூற்புழுவைக் கட்டுப்படுத்தும் பூஞ்சணமான பர்ப்யூரியோசிலியம் லிலாசினம் 2.5 கிலோவை மக்கிய தொழு உரத்தில் கலந்தும் இடலாம். ஈரமில்லாத மண்ணில் அந்தப் பூஞ்சணம் பிழைக்காது.