சாலையில் சூடாகாத ஸ்போர்ட்ஸ் கார் டிராக்கில் மட்டும் சூடாகிறது; காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வியில் இருப்பது இதுதான்: சாலையில் எவ்வளவு ஓட்டினாலும் பிரச்சினை இல்லை. டிராக்கில் ஐந்தாறு லேப் போனதும் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்) வெப்பநிலை காட்டும் முள் ஏறிவிடுகிறது. ரேடியேட்டரையும், சூடானதும் அதற்குள் நீரைத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட்டையும் மாற்றியும் பயனில்லை.

பாகங்களை மாற்றிப் பார்ப்பதை இத்தோடு நிறுத்துங்கள். கூலிங் சிஸ்டத்தில் எது கெட்டாலும் முள் ஏறத்தான் செய்யும். ஆனால் எந்த இடத்தில் ஏறத் தொடங்குகிறது, எவ்வளவு வேகமாக ஏறுகிறது, எங்கே போய் நிற்கிறது என்பது பழுதுக்குப் பழுது மாறும். அதைப் பதிவு செய்தாலே பாதிக் காரணங்கள் கழிந்துவிடும்.

டாஷ்போர்டு முள்ளை இதற்கு நம்ப முடியாது. இன்றைய கார்கள் பலவற்றில் கூலன்ட் 80 டிகிரியில் இருந்தாலும் 105-ல் இருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும். ஓட்டுபவர் வீணாகப் பயப்படக் கூடாது என்று அப்படி அமைத்திருக்கிறார்கள். முள் நகர்வது கண்ணில் படும்போது காரியம் கைமீறத் தொடங்கியிருக்கும். காரின் கம்ப்யூட்டர் தரவைப் படிக்க உதவும் ஓபிடி-2 போர்ட்டில் ஒரு அடாப்டரைச் செருகி, கூலன்ட் வெப்பநிலை, ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை), வேகம், இன்டேக் காற்றின் வெப்பநிலை, இக்னிஷன் டைமிங், கார் கொடுத்தால் ஆயில் வெப்பநிலை எல்லாவற்றையும் செஷன் முழுக்கப் பதிவு செய்யுங்கள். நொடிக்கு ஒரு முறை பதிவானால் போதும். சென்சாரே பொய் சொல்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. இரவு முழுக்க நின்ற காரில், காலையில் ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போட்டுப் பாருங்கள். கூலன்ட், இன்டேக் காற்று, வெளிக்காற்று மூன்றும் இரண்டு மூன்று டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும்.

வெளிக்காற்றின் வெப்பநிலையையும் கூடவே குறித்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் மற்ற எண்களுக்கு அர்த்தமில்லை. தெர்மோஸ்டாட் முழுதாகத் திறந்தபின், ஒரே மாதிரி ஓட்டும்வரை, கூலன்டுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய மாறாது. காலை 22 டிகிரியில் 100-ல் நின்ற கார், மதியம் 36 டிகிரியில் 114 அளவில் நிற்கும். காரில் எதுவும் கெடவில்லை. அந்த வித்தியாசம் 78-லிருந்து 90 ஆகியிருந்தால்தான் ஏதோ கெட்டிருக்கிறது. ஒரு மாற்றம் பலன் தந்ததா என்பதையும் இதை வைத்தே முடிவு செய்ய வேண்டும். குளிர்ந்த நாளில் ஓட்டிவிட்டுப் புது ரேடியேட்டரைப் பாராட்டுபவர்கள் நிறையப் பேர்.

இனி பதிவைப் பாருங்கள். மெல்ல ஏறி, 112 என்றோ 115 என்றோ ஓரிடத்தில் நின்றுவிட்டால் சிஸ்டம் நன்றாக இருக்கிறது, திறன்தான் போதவில்லை. நிற்காமல் லேப்புக்கு லேப் ஏறிக்கொண்டே போனால் காற்றோட்டம், நீரோட்டம், ஆயிலிலிருந்து வரும் சூடு மூன்றையும் சந்தேகப்பட வேண்டும். பிட்டில் நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினால் ஃபேன், அதன் ரிலே, அதைச் சுற்றிய உறையான ஃபேன் ஷ்ரவுட் பக்கம் போங்கள். நேர்ப்பாதையில் உச்ச ஆர்பிஎம்மில் சட்டென்று பத்துப் பதினைந்து டிகிரி குதித்தால் காற்றுக் குமிழி, கூலன்ட் இழப்பு, ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் உள்ள அடைப்பு) பழுது ஆகியவற்றில் ஒன்று. இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது, உச்சத்துக்குப் போன எண் காரணமில்லாமல் திடீரென்று இறங்குவது. சென்சாரைச் சுற்றித் தண்ணீரே இல்லை என்று அர்த்தம். அந்த நொடியே இன்ஜினை அணைத்து, பாதுகாப்பான இடத்தில் ஒதுங்குங்கள்.

அடுத்தது, காற்றா நீரா என்று பிரிக்கும் சோதனை. ரேடியேட்டருக்குள் போகும் ஹோஸுக்கும் வெளியே வரும் ஹோஸுக்கும் இடையில் எத்தனை டிகிரி குறைகிறது? முழு வேகத்தில் 5 முதல் 10 டிகிரி குறைவது சாதாரணம். கூலன்ட் 110-ஐத் தாண்டியும் குறைவது மூன்று நான்கு டிகிரிதான் என்றால், நீர் ஓடுகிறது, காற்று அதன் சூட்டை எடுக்கவில்லை. 15-க்கு மேல் குறைந்தும் இன்ஜின் சூடாகவே இருந்தால், ரேடியேட்டர் தன் வேலையைச் செய்கிறது, நீர்தான் போதுமான அளவு வரவில்லை. பம்ப், தெர்மோஸ்டாட், உறிஞ்சும் பக்க ஹோஸ் ஆகியவற்றைப் பாருங்கள். இதைப் பிட்டுக்கு வந்தபின் அளந்தால் ஏமாற்றும். ரேடியேட்டரிலிருந்து வெளியே வரும் கீழ் ஹோஸில் இன்லைன் அடாப்டர் வைத்து ஒரு சென்சாரைப் பொருத்தி ஓடும்போதே பதிவு செய்வது நல்லது. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைப் பயன்படுத்தினால், பளபளக்கும் அலுமினியத்தில் அது மிகக் குறைவாகக் காட்டும். அளக்கும் இடத்தில் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

"நீர் வேகமாக ஓடினால் குளிர நேரம் கிடைக்காது, அதனால் ஓட்டத்தைக் குறைக்க வேண்டும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஓட்டம் கூடினால் ரேடியேட்டரின் சராசரி வெப்பநிலை ஏறும், காற்றுக்குப் போகும் சூடும் கூடும்.

டிராக்கில் மட்டும் சூடாகும் கார்களில் முதலில் பார்க்க வேண்டியது காற்றோட்டம். பம்பருக்குள் வந்த காற்று ரேடியேட்டருக்குள் நுழைய வேண்டிய கட்டாயம் இல்லை. பக்கத்தில் இடைவெளி இருந்தால் அந்த வழியே போய்விடும். ரேடியேட்டரின் நான்கு பக்கமும் பம்பர் திறப்பு வரை அலுமினியத் தகடும் மூடிய செல் ஃபோமும் வைத்து, கைவிரல் நுழையாதபடி அடைக்க வேண்டும். அடியில் உள்ள அண்டர்ட்ரேயைக் கழற்றியிருந்தால் திரும்பப் பொருத்துங்கள். அது இல்லாவிட்டால் காருக்கு அடியில் போகும் காற்று இன்ஜின் அறைக்குள் ஏறி ரேடியேட்டரின் பின்பக்க அழுத்தத்தை உயர்த்தும். முன்னும் பின்னும் அழுத்தம் சமமானால் காற்று ஏன் உள்ளே வரும்?

இதை ஊகிக்க வேண்டியதில்லை, அளக்கலாம். மெல்லிய ட்யூப் ஒன்றை ரேடியேட்டருக்கு முன்னும் இன்னொன்றைப் பின்னும் வைத்து, இரண்டையும் ஒரு டிஃபரன்ஷியல் பிரஷர் மீட்டரில் இணையுங்கள். மணிக்கு 160 கிலோமீட்டரில் காற்று முழுதாகத் தடுக்கப்பட்டால் உண்டாகும் அழுத்தம் ஏறத்தாழ 1,200 பாஸ்கல், அதாவது 120 மில்லிமீட்டர் நீர்மட்டம். ரேடியேட்டருக்குக் குறுக்கே அதில் ஒரு பங்குதான் கிடைக்கும். இடைவெளிகளை அடைப்பதற்கு முன்னும் பின்னும் அளந்தால் எவ்வளவு முன்னேற்றம் என்பது எண்ணாகவே தெரிந்துவிடும்.

பானெட்டின் பின் விளிம்பை வாஷர் வைத்துத் தூக்கிவிடும் பழக்கம் டிராக்கில் அதிகம் காணப்படுகிறது. விண்ட்ஷீல்டின் அடிப்பகுதி உயர் அழுத்தப் பகுதி; வேகம் கூடும்போது அந்த இடைவெளி வழியாகக் காற்று வெளியேறாமல் உள்ளேதான் வரும். வென்ட் வெட்டுவதானால் பானெட்டின் முன்பாதியில், ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால் வெட்ட வேண்டும். ஹோண்டா சிவிக் டைப் ஆர் எஃப்கே8 மாடலுக்கு 2020-இல் நிறுவனமே செய்த திருத்தமும் காற்றோட்டத்தைக் கூட்டும் வழியில்தான் போனது: கிரில் திறப்பைப் பெரிதாக்கி ரேடியேட்டர் கோரையும் மாற்றினார்கள்.

ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் டார்ச் அடித்துப் பாருங்கள். டயரிலிருந்து பிய்ந்த ரப்பர் துணுக்கு, புல், பூச்சி எல்லாம் அங்கேதான் அடையும், முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. புது ரேடியேட்டர் பொருத்தும்போது பழைய கண்டென்சரைச் சுத்தம் செய்யாமல் விட்டிருந்தால் பலன் கிடைத்திருக்காது. உங்கள் விஷயத்தில் இது நடந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. குறைந்த அழுத்தத் தண்ணீரைப் பின்னாலிருந்து முன்னோக்கி அடித்துக் கழுவுங்கள். பிரஷர் வாஷர் ஃபின்களை மடக்கிவிடும். இன்னொன்று: முன்னால் போகும் காரை ஒட்டியே ஓட்டினாலும் சூடேறும். பதிவில் ஏறிய லேப்கள் அவைதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அழுத்தம் அடுத்து. கூலன்ட் சிஸ்டத்தின் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் 1 பார் மூடி சரியாக வேலை செய்தால் வெறும் தண்ணீர் 120 டிகிரியில்தான் கொதிக்கும். அதே மூடி 0.5 பாரிலேயே விட்டுவிட்டால் கொதிநிலை 111-க்கு இறங்கிவிடும். சாலையில் 95 டிகிரியில் ஓடும்போது இந்தப் பழுது தெரியவே தெரியாது. டிராக்கில் எக்ஸாஸ்ட் வால்வுகளைச் சுற்றி நீர் ஆவியாகி, அந்த ஆவிப் படலம் உலோகத்திலிருந்து சூடு இறங்குவதைத் தடுக்கும். பம்ப்பின் உறிஞ்சும் பக்கத்தில் கேவிடேஷன் (குறைந்த அழுத்தத்தில் ஆவிக் குமிழி உண்டாவது) தொடங்கி ஓட்டமும் குறையும். கைப்பம்ப் டெஸ்டரை வைத்து மூடியைத் தனியாகவும் சிஸ்டத்தைத் தனியாகவும், மூடியில் அச்சிட்ட அளவு வரை ஏற்றிப் பாருங்கள். சிஸ்டம் 15 நிமிடம் அழுத்தத்தை விடாமல் பிடிக்க வேண்டும். குளிர்ந்த நிலையில் ஒரு முறையும் இளஞ்சூட்டில் ஒரு முறையும் செய்யுங்கள். சில கசிவுகள் ஒரு நிலையில் மட்டுமே தெரியும். மலிவான பாகம்தான், ஆனாலும் கடைசியாகத்தான் பலர் இதைச் சோதிக்கிறார்கள்.

ஹெட் கேஸ்கெட்டுக்குப் பிளாக் டெஸ்டர் திரவம் நல்ல தொடக்கம். கூலன்ட் டேங்கின் வாயிலிருந்து உறிஞ்சும் காற்றில் சிலிண்டரில் எரிந்த வாயு கலந்திருந்தால் பெட்ரோல் இன்ஜினில் திரவத்தின் நீலம் மஞ்சளாகும். ஆனால் சிறிய கசிவு முழு லோடில் மட்டும் திறக்கும், ஐடிலில் நிறம் மாறாது. அதனால் கூலிங் சிஸ்டத்தில் ஒரு பிரஷர் சென்சாரைச் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். வெப்பநிலை ஏறாமல் இருக்கும்போதே, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அழுத்தம் மட்டும் படிப்படியாக ஏறினால், அது சிலிண்டரிலிருந்து வரும் வாயு. சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்துக் கசிவை அளக்கும் லீக் டவுன் சோதனையின்போது டேங்கில் குமிழி வருவதும் அதையே உறுதி செய்யும்.

பம்ப்பில் பார்க்க வேண்டியவை: பெல்ட் வழுக்குகிறதா, நீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் ஷாஃப்டில் உறுதியாக இருக்கிறதா. பிஎம்டபிள்யூவின் எம்52 போன்ற இன்ஜின்களில் பழைய பிளாஸ்டிக் இம்பெல்லர் விரிசல் விட்டு, ஐடிலில் ஓடி, ஆர்பிஎம் ஏறும்போது வழுக்குவது தெரிந்த கதை. பவர் கூட்டுவதற்காகச் சிறிய கிராங்க் புல்லி போட்டிருந்தால் பம்ப்பும் மெதுவாகச் சுற்றும். கீழ் ஹோஸை இளக்கமாக உணர்ந்தால், 5,000 ஆர்பிஎம்மில் அது சப்பையாகிறதா என்று ஒருவரை வெளியே நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

தெர்மோஸ்டாட்டைப் பற்றிச் சுருக்கமாக. குறைந்த டிகிரி தெர்மோஸ்டாட் தொடக்கத்தில் சில நிமிடங்களை வாங்கித்தரும், இறுதியில் நிற்கும் வெப்பநிலையை மாற்றாது. அடியோடு கழற்றினால், ரேடியேட்டரைத் தவிர்த்து நீர் சுற்றும் பைபாஸ் வழியைத் தெர்மோஸ்டாட்டே அடைக்கும் வகை இன்ஜின்களில் நீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும்.

புது ரேடியேட்டர் போட்டபின் காற்று சரியாக வெளியேறியதா? மிட் இன்ஜின் கார்களில் நீண்ட குழாய்கள் இருப்பதால் சாதாரணமாக ஊற்றினால் காற்று மாட்டிக்கொள்ளும். வேக்யூம் ஃபில்லரால் சிஸ்டத்தை வெற்றிடமாக்கி, அது ஐந்து நிமிடம் நிலைத்தபின் கூலன்டை உறிஞ்சவிடுவதே நம்பகமான வழி. மஸ்டா மியாட்டாவின் முதல் இரண்டு தலைமுறைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. முன்சக்கர இயக்கக் காருக்காக வடிவமைத்த இன்ஜினில் நீர் வெளியேறும் இடத்தை முன்பக்கம் மாற்றியதால், பின்னால் உள்ள நான்காவது சிலிண்டர் அதிகம் சூடாகும். அங்கே எவ்வளவு பெரிய ரேடியேட்டர் போட்டாலும், கூலன்ட் ரீரூட், அதாவது நீர் வெளியேறும் இடத்தைப் பின்பக்கத்துக்கு மாற்றுவது, செய்யாமல் முழுத் தீர்வு இல்லை.

ஆயில் சூட்டைக் கூலன்டிலிருந்து பிரித்துப் பாருங்கள். ஆயில்-வாட்டர் ஹீட் எக்ஸ்சேஞ்சர் உள்ள கார்களில் ஆயில் 130-ஐத் தாண்டினால் அந்தச் சூடு நேராகக் கூலன்டுக்குள்தான் இறங்கும். பதிவில் ஆயில் முதலில் ஏறி, கூலன்ட் அதைத் தொடர்ந்து ஏறினால், தெர்மோஸ்டாட்டுடன் கூடிய தனி ஏர் ஆயில் கூலர் போடுங்கள். அதை ரேடியேட்டருக்கு நேர் முன்னால் வைக்காமல், தனி டக்ட்டும் வெளியேறும் வழியும் கொடுங்கள். டைமிங் பதிவில் நாக் (எரிபொருள் முறையின்றி வெடிப்பது) காரணமாக இன்ஜின் கம்ப்யூட்டரான இசியு இக்னிஷனைப் பின்னுக்குத் தள்ளியிருந்தால், எரிபொருளும் இன்டேக் காற்றும்தான் முதல் வேலை. தாமதமான டைமிங் எக்ஸாஸ்ட் போர்ட் வழியாகச் சிலிண்டர் ஹெட்டைச் சூடாக்கும்.

கூலன்ட் கலவையையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். பாதிக்குப் பாதி கிளைக்கால் (உறைவதைத் தடுக்கும் திரவம்) கலந்த நீர், வெறும் நீரைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவான சூட்டையே சுமக்கும். உறைபனி அபாயம் இல்லாத காலத்தில் டிஸ்டில்டு வாட்டரும் துரு தடுப்பு அடிட்டிவும் போதும். சிந்தினால் தரை வழுக்கும் என்பதால் கிளைக்காலையே அனுமதிக்காத டிராக்குகளும் உண்டு. கிளைக்கால் இல்லாவிட்டால் கொதிநிலை இறங்கும் என்பதால் மூடியை முதலில் சோதித்த பிறகே இந்த மாற்றத்தைச் செய்யுங்கள்.

ஓடும்போது 115-ஐத் தொட்டால் ஒரு கியர் மேலே போட்டு, 4,000 ஆர்பிஎம்முக்குக் கீழே, காற்று கிடைக்கும் வேகத்தில் ஒரு லேப் ஓட்டுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில், ப்ளோயரை உச்சத்தில் வையுங்கள். ஆவி வந்தாலோ கூலன்ட் கொட்டினாலோ இதைச் செய்ய வேண்டாம், நிறுத்திவிடுங்கள். பிட்டில் அணைத்த பிறகு ஐந்து முதல் பத்து டிகிரி ஏறுவது இயல்பு, பானெட்டைத் திறந்துவையுங்கள். மூடியை மட்டும், மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடிகிற வரை தொடாதீர்கள். 120-ஐத் தாண்டிய கார் அடுத்த செஷனுக்குப் போவதற்கு முன் பிளாக் டெஸ்டும், ஆறியபின் லீக் டவுனும் செய்தாக வேண்டும்.